படத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் நூலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிய புத்தகங்களின் படங்கள் மீது எனக்குத் தீராத ஆசை. ஓவியர்கள் கையால் வரைந்த மூலப் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க விரும்புகிறேன். அதற்கென்று 3,000 பவுண்டு ஒதுக்கியிருக்கிறேன். முதல் படத்தை ஒரு பழம்பொருள் சந்தையில் 180 பவுண்டுக்கு வாங்கினேன். ஆர்தர் ரேக்கம் வரைந்த பீட்டர் பான் படம். கீழே அவர் கையெழுத்தும் இருக்கிறது. இரண்டாவது படம் பக்கத்து வீட்டு மூதாட்டி அன்பாகக் கொடுத்தது. அவருடைய காலஞ்சென்ற கணவர் லண்டனில் அச்சுக்கு பிளாக் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவர். படகில் ஒரு சிறுவனும் நாயும், கறுப்பு மையில் பேனாவால் வரைந்தது. கையெழுத்து இல்லை. எட்வர்ட் ஆர்டிசோனி வரைந்ததாக இருக்கலாம் என்கிறார் அந்த அம்மையார். ஓரமெல்லாம் நீலப் பென்சில் கிறுக்கல், சிறுவனின் முகத்தருகே வெள்ளைப் பூச்சு, பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்பு. ஃபிரேம் போடும் கடைக்காரர் ஓரத்தை வெட்டிச் சுத்தமாக்கித் தருகிறேன் என்கிறார். செய்யச் சொல்லலாமா? இந்த இரண்டின் மதிப்பு என்ன? மீதிப் பணத்தில் எதை வாங்கலாம்? படகுப் படத்தைப் பள்ளி விழாவுக்கு வாழ்த்து அட்டையாக அச்சிடலாமா? இதெல்லாம் பணத்தை முடக்கும் வேலை என்று என் மகன் சொல்கிறான்.
— ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதல் வேலையாகக் கடைக்காரருக்கு ஃபோன் செய்து, படத்தின் மேல் கத்தியே படக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். மற்றக் கேள்விகளுக்கு அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. வெட்டிய ஓரத்தை எந்த நிபுணராலும் மீட்டுத் தர முடியாது.

நீங்கள் கிறுக்கல் என்று எழுதியிருக்கிறீர்களே, காகிதப் படங்களை மதிப்பிடும் என் போன்றவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். 1950களிலும் 60களிலும் ஒரு கறுப்புவெள்ளைப் படம் புத்தகத்துக்குள் போன வழியைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். ஓவியர் வழவழப்பான வெள்ளை அட்டையில் இந்தியன் இங்க் என்னும் கறுப்பு மை கொண்டு வரைவார். பெரும்பாலும் அச்சில் வரப்போகும் அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே வரைவார். சுருக்கும்போது கோடுகள் இறுகிக் கூர்மையாகத் தெரியும். பிளாக் கூடத்தில் அதைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, கோடு இல்லாத இடங்களை அமிலத்தால் அரித்து எடுப்பார்கள். அந்த வேலைக்குப் பயன்பட்ட பிலிமில் வெளிர்நீலம் பதியாது. ஆகவே பதிப்பகத்தில் இருந்தவர்கள் கூடத்துக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் படத்தின் மேலேயே நீலப் பென்சிலில் எழுதினார்கள். பக்க எண், அத்தியாயம், எத்தனை அங்குலத்துக்குச் சுருக்க வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் அங்கே இருக்கும். உங்கள் படத்தின் கீழ் ஓரத்தில் இருபுறமும் அம்புக்குறி போட்டு நடுவில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புத்தகத்தில் அந்தப் படம் அச்சான அகலம் அதுதான்.

வெள்ளைப் பூச்சும் அப்படித்தான். ஓவியர் ஒரு கோட்டைத் தவறாக இழுத்துவிட்டால் தாளைத் தூக்கிப் போடமாட்டார். கெட்டியான வெள்ளை வண்ணத்தை அதன் மேல் பூசி, காய்ந்த பிறகு மறுபடி வரைவார். கேமராவுக்கு அந்த இடம் வெறும் தாளாகத்தான் தெரியும். நம் கண்ணுக்குத் திட்டாகத் தெரிகிறது. இருட்டான அறையில் ஒரு டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து அந்தத் திட்டைப் பாருங்கள். அடியில் முதலில் போட்ட கோடு தெரியலாம்; சிறுவனின் தலை முன்பு வேறு பக்கம் திரும்பியிருந்திருக்கலாம், தொப்பி இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம். வரைந்தவர் எங்கே மனம் மாறினார் என்பது அச்சான புத்தகத்தில் இருக்காது. உங்கள் கையில் உள்ள தாளில் மட்டுமே இருக்கும். அதற்காகத்தானே மூலப் படத்தைத் தேடுகிறோம்?

இதில் இன்னொரு பயன் உண்டு. போலி வரைகிறவர் பெரும்பாலும் அச்சான புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் வரைகிறார். அதனால் அச்சின் அளவிலேயே படமும் இருக்கும். திருத்தம் இருக்காது, கோடுகள் தயங்கித் தயங்கி ஊர்ந்து போகும், ஓரம் துடைத்துவைத்ததுபோல் சுத்தமாக இருக்கும். நீங்கள் விவரித்த படம் அதற்கு நேர்மாறானது. இதை மட்டும் வைத்து உண்மையானது என்று நான் சான்று தர மாட்டேன். ஆனால் நம்பிக்கை கொள்ளக் காரணம் இருக்கிறது.

இனி வரைந்தவர் யார் என்பது. ஆர்டிசோனி என்ற பெயரை இப்போதைக்கு ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். படகு, சிறுவன், கடல் என்றாலே இங்கிலாந்தில் அந்தத் தலைமுறைக்கு அவர் பெயர்தான் நினைவுக்கு வரும். 1936-ல் வெளிவந்த அவருடைய குட்டி டிம் கதை அவ்வளவு பரவியிருந்தது. பிரிட்டனில் சிறுவர் நூல் ஓவியத்துக்குக் கேட் கிரீனவே பதக்கம் என்ற பெயரில் தரப்பட்டுவந்த விருதின் முதல் வெற்றியாளரும் அவரே. ஆனால் அதே காலத்தில் சி. வால்டர் ஹாட்ஜஸ், விக்டர் ஆம்ப்ரஸ், சார்லஸ் கீப்பிங், ஃபெய்த் ஜாக்ஸ் என்று மிகச் சிறந்த பேனாக்கள் பல இருந்தன. பெயரை முடிவு செய்துகொண்டு படத்தைப் பார்த்தால் எல்லாக் கோடும் அந்தப் பெயருக்கு ஒத்துவருவதுபோலவே தோன்றும். புத்தகத்தைக் கண்டுபிடிப்பதுதான் சரியான வழி. பக்க எண்ணும் அச்சான அகலமும் உங்கள் படத்திலேயே இருக்கக்கூடும். பின்பக்க ஸ்டாம்பில் தேதியோ, கூடத்தின் வேலை எண்ணோ, பதிப்பகத்தின் பெயரோ இருக்கலாம். நூலகத்தில் வேலை பார்த்தவர் நீங்கள். இந்தத் தேடலை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். அச்சான பக்கத்தைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நிழல் கோடாக ஒப்பிடுங்கள். அச்சில் மறைந்த வெள்ளைப் பூச்சு மூலத்தில் இருந்து, மற்ற கோடுகள் அப்படியே பொருந்தினால், ஓவியரின் பெயரைப் புத்தகத்தின் முகப்புப் பக்கமே சொல்லிவிடும்.

இங்கே சற்றுச் சங்கடமான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். படம் பிளாக் கூடத்தில் வேலை பார்த்தவரிடமிருந்து வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் பதிப்பகங்கள் பொதுவாக வாங்கியது படத்தை அச்சிடும் உரிமையை; ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய வரைந்த தாள் ஓவியருக்கே சொந்தம். ஆனால் எத்தனையோ படங்கள் ஓவியரிடம் திரும்பிப் போகவே இல்லை. பதிப்பகத்தின் இழுப்பறையிலும் கூடத்தின் பரணிலும் கிடந்தன. கூடம் மூடும்போது சிலவற்றைக் குப்பையில் போட்டார்கள், சிலவற்றை வேலை பார்த்தவர்கள் பொறுக்கி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்படி எடுத்தவர்கள் இல்லாவிட்டால் இன்று அந்தப் படங்களே இருந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நிலம் வாங்குகிறவர் மூலப் பத்திரத்தோடு வில்லங்கச் சான்றிதழையும் கேட்பதுபோல, நல்ல ஏல நிறுவனம் இந்தப் படம் எப்படிக் கைமாறியது என்று கேட்கும்.

ஆகவே அந்த அம்மையாரிடம் பேசுங்கள். கணவர் எந்தக் கூடத்தில், எந்த ஆண்டுகளில் இருந்தார், ஓவியரே கொடுத்ததா, கூடம் மூடியபோது எடுத்து வந்ததா, நினைவில் உள்ளதை மட்டும் ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுக் கையொப்பம் போட்டுத் தரச் சொல்லுங்கள். உங்களுக்குப் பரிசாகக் கொடுத்ததையும் அதிலேயே எழுதட்டும். மெருகேற்றிய கதை வேண்டாம். 'நினைவில்லை' என்ற வரியும் இருக்கட்டும், அது நம்பகத்தைக் கூட்டும். ஓவியர் யார் என்று தெரிந்த பிறகு அவர் வாரிசுகளுக்கு ஒரு கடிதம் எழுதுவது நல்லது. காணாமல்போன கலைப்பொருட்களைப் பதிவு செய்துவைக்கும் ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டர் என்ற நிறுவனம் லண்டனில் இருக்கிறது. விற்கும் எண்ணம் வந்தால் அங்கும் தேடச் சொல்லலாம். வீட்டில் மாட்டி வைத்து ரசிப்பதற்கு இவ்வளவும் தேவையில்லை. ஆனால் அம்மையாரின் கடிதத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ரேக்கம் படத்தைப் பற்றி நீங்கள் எதிர்பார்த்த பதிலை என்னால் தர முடியவில்லை. அது அச்சுப் பக்கம் என்றே நினைக்கிறேன். 'கென்சிங்டன் தோட்டத்தில் பீட்டர் பான்' 1906-ல் வந்தது; ரேக்கமின் 50 வண்ணப் படங்களைத் தனித்தனியாக அச்சிட்டு, தடித்த பழுப்புத் தாளில் ஒட்டி, மேலே மெல்லிய தாள் மூடிப் புத்தகமாகக் கட்டினார்கள். அப்படி ஒட்டியதால் படங்களைப் பிரித்தெடுப்பது எளிது. புத்தகம் கிழிந்துபோனால் படங்களை எடுத்து ஃபிரேம் போட்டு விற்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. முழுப் புத்தகத்தையே இதற்காகப் பிரிப்பவர்களும் உண்டு, அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். சேகரிக்கப்போகிறவருக்கு அதைவிட முக்கியமான கருவி இல்லை. வானத்தின் வெளிர்நிறப் பகுதியில் லென்ஸை வைத்துப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. அதே லென்ஸைக் கையெழுத்தின் மேல் நகர்த்துங்கள். ரேக்கம் தன் படத்துக்குள்ளேயே பெயரும் ஆண்டும் எழுதுவார், படத்தோடு சேர்ந்து அதுவும் அச்சாகியிருக்கும், அதன் கோடும் புள்ளிகளாக உடையும். அவருடைய மூலத்தில் இப்படி இருக்காது. பென்சில் கோடு, அதன் மேல் பேனா, அதன் மேல் அடுக்கடுக்காகப் பூசிய மெல்லிய நீர்வண்ணம். வண்ணம் தேங்கிக் காய்ந்த இடத்தின் விளிம்பு சற்று அடர்ந்திருக்கும், தாளின் சொரசொரப்பில் வண்ணம் இறங்கியிருக்கும், பேனா முனை தாளைக் கீறிய இடம் பளபளக்கும். ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: புள்ளி இல்லாத அச்சு முறைகளும் உண்டு. புள்ளி இருந்தால் அச்சு என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் கையால் வரைந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ரேக்கமின் நல்ல வண்ண மூலம் ஏலத்தில் பல பத்தாயிரம் பவுண்டுக்குப் போகும். 180 பவுண்டுக்குச் சந்தையில் கிடைக்காது. ரசீதை எடுத்துப் பாருங்கள். 1906 புத்தகத்தின் பக்கம் என்று எழுதியிருந்தால் விற்றவர் பொய் சொல்லவில்லை, விலைதான் அதிகம். கையால் வரைந்த நீர்வண்ணப் படம் என்று எழுதியிருந்து, விற்றவர் வியாபாரியாகவும் இருந்தால், விவரித்தபடி பொருள் இல்லை என்று 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் கேட்டால் வாதமே தேவையில்லை. அதனால் இந்த வாரமே பாருங்கள்.

மதிப்பு எதிலிருந்து வருகிறது என்று சொல்லிவிட்டால் மற்ற கேள்விகள் எளிதாகும். ஓவியர் பெயர் பெரிதா, கதை பெரிதா? இந்தத் துறையில் கதைதான் பெரிது. ஈ. எச். ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'பஞ்ச்' இதழுக்கு அவர் பல்லாண்டுகள் கேலிச்சித்திரம் வரைந்தார். அவற்றில் பல சில நூறு பவுண்டிலிருந்து சில ஆயிரத்துக்குள் கிடைக்கின்றன. அதே கை, அதே பேனா, வின்னி த பூ கரடியை வரைந்திருந்தால்? கதையில் அந்தக் கரடி வாழும் நூறு ஏக்கர் காட்டின் வரைபடம், 1926-ல் அந்தப் புத்தகத்தின் உள்ளட்டையில் அச்சானது, 2018 ஜூலையில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் 4,30,000 பவுண்டுக்குப் போனது. அதற்கு முன் 2014-ல், பாலத்தின் மேல் நின்று கரடியும் நண்பர்களும் ஆற்றைப் பார்க்கும் படம் 3,14,500 பவுண்டு. வாசகர் மனத்தில் பதிந்த காட்சி, அதில் முக்கியப் பாத்திரம், புத்தகத்தில் உண்மையாகவே அச்சான இறுதி வடிவம். இவை மூன்றும் ஒன்றுசேர்ந்தால் விலை ஏறும். அதே காட்சிக்கு முன்னோட்டமாகப் போட்ட பென்சில் படம் என்றால் வெகுவாகக் குறையும். பிற்காலத்தில் ஓவியர் மறுபடி வரைந்து கொடுத்தது என்றாலும் குறையும். ஷெப்பர்ட் விஷயத்தில் வின்னி த பூ கரடியின் பென்சில் முன்வரைவுகளில் பெரும்பகுதியை அவரே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அங்கே போய்ப் பார்க்கலாமே தவிர வாங்க முடியாது.

கதை பெரிது என்பதற்கு இன்னும் பெரிய சாட்சி தாமஸ் டெய்லர். 23 வயதில், கேம்பிரிட்ஜில் ஒரு சிறுவர் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, யாருக்கும் தெரியாத ஒரு எழுத்தாளரின் முதல் நாவலுக்கு அட்டைப்படம் வரைந்தார். ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் அது. 1997-ல் வெளிவந்தது. 2001-ல் அந்த நீர்வண்ண மூலம் 85,750 பவுண்டுக்கு விற்றது. 2024 ஜூனில் நியூயார்க்கில் 19 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த இளைஞரின் பெயர் அப்போது சந்தையில் எதற்கும் பெறாது. புத்தகம் அவர் படத்தைத் தூக்கிச் சென்றது.

சில பெரிய பெயர்களின் மூலமே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாததை யாராவது விற்க வந்தால் உஷாராக இருக்கலாம். ஜான் டென்னியல் 1865-ல் ஆலிஸ் கதைக்கு வரைந்தது அச்சுக்கான மரக்கட்டையின் மேல். டால்சியல் சகோதரர்களின் கூடம் அந்தக் கோடுகளைச் சுற்றிச் செதுக்கியபோது வரைந்த படம் செதுக்கலிலேயே கரைந்துவிட்டது. அவர் தாளில் போட்ட பென்சில் படங்கள் உண்டு. இறுதிப் படம் என்று தாளில் எதுவும் இல்லை. அந்த மரக்கட்டைகள் 1985-ல் லண்டனில் ஒரு வங்கியின் பெட்டகத்தில் கிடைத்தன, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. முயல் கதைகளை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டரின் புத்தக மூலங்களில் பெரும்பாலானவை, பாரம்பரியச் சொத்துகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் போய்விட்டன. அவர் தனியாக வரைந்தவை வெளியே வரும்போது என்ன ஆகும் என்பதற்கு முயல்களின் கிறிஸ்துமஸ் விருந்துப் படம் ஒன்று போதும்: 2008-ல் 2,89,250 பவுண்டு.

இந்த உயரங்களைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். 3,000 பவுண்டு இந்தத் துறையில் மரியாதையான தொகை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெரிய பெயரின் சிறிய துணுக்கைத் தேடிப் போக மாட்டேன். ஒரு புகழ்பெற்ற பாத்திரத்தின் வாலும் காதும் மட்டும் உள்ள பென்சில் துண்டுக்கு முழுப் பணத்தையும் கொட்டுவதைவிட, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஓவியர் ஒருவரின் நிறைவான காட்சி ஒன்றை வாங்குவேன். அதிலும் நீங்களே பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிய புத்தகத்தின் படமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் கண்ணை அகல விரித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எந்த மதிப்பீட்டாளருக்கும் அது தெரியாது. கீப்பிங், ஆம்ப்ரஸ், ஹாட்ஜஸ் போன்றவர்களின் கறுப்புவெள்ளை அத்தியாயப் படங்கள் உங்கள் தொகைக்குள் அடங்கும். இவர்களுக்கு இன்னும் உரிய விலை கிடைக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆம்ப்ரஸின் குதிரை ஒன்றை நேரில் பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள்.

இப்போது இருக்கும் ஓவியர்களையும் மறக்காதீர்கள். பலர் தங்கள் மூலங்களை நேரடியாகவோ கேலரி வழியாகவோ விற்கிறார்கள்; அவரிடமே வாங்கினால் போலி என்ற பேச்சுக்கே இடமில்லை, கைமாறிய வரலாறும் ஒரே வரியில் முடிந்துவிடும். குவென்டின் பிளேக் அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை மேல் முன்வரைவை வைத்து, அதன் மேல் நல்ல தாளைப் போட்டு, திருப்தி வரும்வரை ஒரே படத்தை மறுபடி மறுபடி வரைகிறவர். அப்படி அச்சுக்குப் போகாமல் நின்ற மாற்று வடிவங்கள் பலவற்றை 2018-ல் கிறிஸ்டீஸ் வழியாக அறப்பணிகளுக்காக ஏலம் விட்டார். வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: படம் தாளில் வரைந்ததா, கணினியில் வரைந்ததா? இன்று பலர் திரையில்தான் வரைகிறார்கள். அவர்கள் கையொப்பமிட்டு விற்பது அழகான அச்சுப்படம். அந்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ஏலத்தில் கேட்கும்போது கணக்கை முன்பே போட்டுவிடுங்கள். ஒரு படம் 1,000 பவுண்டுக்கு ஏலம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்றால் 250. கமிஷன் மேல் வாட் வரி 20 சதவீதம், 50. ஓவியர் உயிரோடு இருந்தாலோ, இறந்து 70 ஆண்டு ஆகாமல் இருந்தாலோ, 1,000 பவுண்டிலிருந்து மறுவிற்பனை உரிமைத் தொகை 4 சதவீதம் சேரும், அதைப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்டுகிறார், இன்னொரு 40. ஆக உங்கள் கையிலிருந்து போவது 1,340. அந்த 40 பவுண்டு ஓவியருக்கோ அவர் குடும்பத்துக்கோ போகிறது என்பதால் எனக்கு அதில் குறையே இல்லை. கேலரியில் விலை கூடுதலாக இருக்கும், ஆனால் படம் யாருடையது என்பதற்கு அவர்கள் பொறுப்பேற்பார்கள். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் உள்ள கிறிஸ் பீட்டில்ஸ் கேலரி 1991 முதல் ஆண்டுதோறும் ஓவியர்களுக்கான கண்காட்சி நடத்துகிறது. வாங்காவிட்டாலும் போய்ப் பாருங்கள். நியூகாசிலில் உள்ள செவன் ஸ்டோரீஸ் என்ற சிறுவர் நூல் மையம், ஜூடித் கெர், ஃபெய்த் ஜாக்ஸ் முதலானவர்களின் மூலங்களைப் பாதுகாக்கிறது. நல்ல மூலங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி தானாகவே உறுத்தும்.

பராமரிப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமிலமற்ற அட்டையில், செலோடேப் படாமல், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடிக்குள் வையுங்கள். வெயில் விழும் சுவரும், ரேடியேட்டருக்கு மேலுள்ள சுவரும், ஈரம் கசியும் வெளிச்சுவரும் வேண்டாம். வண்ணப் படம் வாங்கினால், அதிலும் 60, 70களின் பளீரென்ற சாய மை என்றால், வெளிச்சத்தில் மிகக் கவனம். சில சாயங்கள் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். பழுப்புப் புள்ளிகளை வீட்டில் சுத்தம் செய்ய முயலாதீர்கள், கலைப்பொருள் பாதுகாப்பு நிபுணர்களின் அமைப்பான ஐகானின் பதிவேட்டில் உள்ள காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கேளுங்கள். உங்கள் கடைக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. ஓரம் தெரியும்படி அகலமான மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) போடச் சொன்னால் அழகாகவே செய்து தருவார்.

வாழ்த்து அட்டை: படகுப் படத்தை இப்போது அச்சிட வேண்டாம். தாள் உங்களுடையதாக இருந்தாலும் பதிப்புரிமை ஓவியர் இறந்து 70 ஆண்டுவரை பொதுவாக அவர் குடும்பத்துக்கே. ஆர்டிசோனி என்றே தெரியவந்தால், அவர் 1979-ல் இறந்தார், 2049 முடியும்வரை அனுமதி வேண்டும். ரேக்கம் 1939-ல் இறந்துவிட்டதால் அந்தப் பீட்டர் பான் பக்கத்தைத் தாராளமாக அட்டையாக அச்சிடலாம். 180 பவுண்டுக்கு அந்தப் பயனாவது கிடைக்கட்டும்.

உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் மேலே சொன்ன ஏல விலைகள் எல்லாம் செய்தியில் வந்தவை. செய்தியில் வராமல், வாங்கிய விலைக்குக் கீழே விற்கும் படங்களே அதிகம். வாங்கும்போது ஒரு கமிஷன், விற்கும்போது ஒரு கமிஷன் என்று இருமுறை கழியும் பொருளை மருத்துவச் செலவுக்கோ வீட்டுக் கடனுக்கோ நம்பி வைக்கக் கூடாது. போனாலும் அடுப்பு எரியும் என்ற தொகையை மட்டும் இதில் போடுங்கள். 3,000 பவுண்டு அப்படிப்பட்ட தொகை என்றால், அவருக்குக் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரிட்டனில் 6,000 பவுண்டுக்குள் விற்கும் இத்தகைய தனிப்பொருளுக்கு மூலதன ஆதாய வரியும் கிடையாது.

படகுப் படத்தைப் பார்க்காமல் அதன் மதிப்பை எண்ணாகச் சொல்வது முறையல்ல. நான்கு புகைப்படம் எடுங்கள்: ஓரத்தோடு முழுப் படம், பின்பக்கம் முழுவதும், வெள்ளைப் பூச்சின் நெருக்கம், நீலப் பென்சில் எழுத்தின் நெருக்கம். அளவை மில்லிமீட்டரில் எழுதி, அம்மையாரின் கடிதத்தின் நகலோடு, புத்தகமும் ஓவிய மூலமும் விற்கும் இரண்டு ஏல நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். ஏல மதிப்பீட்டுக்கு அவர்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. காப்பீட்டுக்கான எழுத்து மதிப்பீடு வேறு. அதற்குக் கட்டணம் உண்டு, தொகையும் ஏல மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். புத்தகம் கிடைத்துவிட்டால், அச்சான பக்கத்தையும் சேர்த்து எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.